சிக்கனத்தாரும் இருபதினாயிரம் ரூபா ஈடும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஊரார் வீட்டு அடுப்படிக்குள் போய் அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பதற்காக அரசாங்கத்திடம் மாதச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் சிக்கனத்தார்தான். மறுப்பு உள்ளவர்கள் பத்திரிகைக்கு எழுதலாம். அப்படி இன்னொருவர் இருந்திருந்தால் குடாநாடு தாங்கியிருக்காது என்பது என் கட்சி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. சம்பளப் பட்டியலில் அதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கந்தோரில் எவரும் அதைப் பாவித்ததில்லை. முகத்துக்கு நேரே "ஐயா", அவர் அந்தப் பக்கம் திரும்பினால் "சிக்கனத்தார்". அவருக்கும் இது தெரியும். கோபப்பட்டதில்லை. கோபப்பட்டால் தண்ணீர் விடாய்க்கும், பிறகு தேத்தண்ணிச் செலவு என்று கணக்குப் பார்த்திருப்பார்.

நான் அப்போது உதவி அரசாங்க அதிபர் கந்தோரில், ஊர்வழக்கில் ஏஜிஏ கந்தோரில், எழுதுவினைஞர். எண்பதுகளின் நடுப்பகுதி. கடனில் மாட்டிக்கொண்ட குடும்பங்களுக்கு வீட்டுச் செலவைத் திட்டமிடவும், கடனைக் கட்டி முடிக்கவும் இலவசமாக வழிகாட்ட ஓர் உத்தியோகத்தரை நியமிக்கும்படி கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்தது. எங்கள் கந்தோரில் ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. சிக்கனத்தார் தன் கதிரையை விட்டு எழும்பும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போவார். அந்த விசிறிக்குக் கீழே நாங்கள் ஐந்து பேர் இருந்து வேலை செய்துகொண்டிருப்போம் என்பது அவருக்குப் பொருட்டில்லை. வந்த கடித உறைகளைப் பசை விடுவித்து, உட்புறத்தை வெளியே திருப்பி மறுபடி ஒட்டி, அதில்தான் பதில் அனுப்புவார். அமைச்சிலிருந்து "இனிமேல் முறையான கடித உறைகளைப் பயன்படுத்தவும்" என்று எழுதியிருந்தார்கள். "அறிவுறுத்தல் கிடைத்தது" என்று அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எழுதி, அதே உறையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

புதுப் பகுதி திறந்த முதல் நாள் சனம் அள்ளுப்பட்டது. கடன் ஆலோசனை என்று பலகையில் கண்டதும் அரசாங்கம் கடன் கொடுக்கப்போகிறது என்று நினைத்துப் பாதிப் பேர் விடியவே வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். முதலாவதாக வந்த பெரியவர் கதிரையில் இருந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"எவ்வளவு மட்டுக்கும் தருவியள்?"

"காசு தாறேல்லை ஐயா. இருக்கிற கடனை எப்பிடிக் கட்டுறதெண்டு சொல்லித் தருவன்."

"அது எனக்குத் தெரியும். காசு இருந்தால் கட்டலாம்."

"காசு இல்லாட்டிலும் கட்டலாம் ஐயா."

பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெளியே போய் வரிசையில் நின்றவர்களிடம், "உள்ளை ஒரு விசரன் இருக்கிறான், வீட்டை போங்கோ" என்றார். பத்து நிமிடத்தில் கந்தோர் வாசல் வெறிச்சோடிவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு குருவியும் வரவில்லை. அவருடைய மேசை பங்கீட்டுக் கூப்பன் கொடுக்கும் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்தது. கூப்பன் வரிசையில் எப்போதும் ஊர்ச்சனம் நிற்கும். அவ்வளவு கண்களுக்கு முன்னால் அந்தக் கதிரையில் போய் இருப்பது, நான் கடன்காரன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியது போல. எங்கள் ஊரில் கடன் வாங்காதவர் குறைவு. கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவரை நான் கண்டதில்லை.

சிக்கனத்தார் யோசித்தார். ஆட்கள் வராவிட்டால் நான் போகிறேன் என்று சைக்கிளில் வெளிக்கிட்டார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை, கைபிடியில் கொழுவிய குடை, கரியரில் ஒரு மண்ணிறக் கோப்பு. இந்தக் கோலத்தில் ஒருவர் ஒரு வீட்டுக்குள் போகிறார். வருமானம் என்ன, காணி எத்தனை பரப்பு, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டு எழுதுகிறார். அடுத்த கிழமை மறுபடி வருகிறார். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கலியாணத் தரகர் என்று நினைத்தார்கள். கடன்பட்ட குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதலாய்ப் போயிற்று. வீட்டில் கலியாணப் பேச்சு நடப்பது மரியாதையான விசயம். யாரும் திருத்தவில்லை. அவரும் யாரிடமும் போய் நான் தரகர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

கடனின் அளவைக் கண்டுபிடிக்க அவரிடம் ஒரு விசித்திரமான முறை இருந்தது. ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் எனக்கு விளக்கினார்.

"வீட்டுக்குப் போனவுடனை என்ன தருகினம் எண்டு பாக்கவேணும் தம்பி. வெறுந்தேத்தண்ணியும் பனங்கட்டியும் எண்டால் பயப்பிடத் தேவையில்லை. பால் தேத்தண்ணி எண்டால் கடன் ஐயாயிரம். பலகாரத் தட்டு வந்தால் பத்து. சோடாவும் கேக்கும் வந்துதெண்டால் வீட்டு உறுதிப் பத்திரம் ஆற்றையோ பெட்டகத்துக்கை கிடக்குது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் கந்தோருக்கு வந்திருந்த மேலதிகாரிக்கு நாங்கள் வாங்கி வைத்திருந்த சோடாப் போத்தல்களை அவர் ஒரு மாதிரிப் பார்த்ததும் ஞாபகம் இருக்கிறது.

இந்தக் கதையில் நான் வந்து மாட்டிக்கொண்டது எண்பத்தாறாம் ஆண்டு. நாங்கள் கொக்குவிலில் இருந்தோம். பக்கத்து வளவு மாணிக்கத்தாருடையது. சுருட்டுக் கொட்டிலில் வேலை. அதிகம் கதைக்காத மனிதர். மனைவி பரமேஸ் அக்கா அந்த இருவர் பங்கையும் தானே கதைத்துவிடுவார். மகள் வசந்தி வீட்டில் இருந்து தையல் தைத்தாள். மகன் ஜேர்மனியில், காசு அனுப்பும் நிலையில் இன்னும் இல்லை. ஒருநாள் கிணற்றடி மதிலுக்கு மேலால் பரமேஸ் அக்காவின் தலை தெரிந்தது.

"தம்பி, உங்கடை கந்தோரிலை கடன் அலுவல் பாக்கிற ஒராள் இருக்கிறாராமே?"

"ஓம் அக்கா."

"எங்களுக்கில்லை. எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு."

"சரி அக்கா."

"உம்மடை மனுசிக்குச் சொல்லிப்போடாதையும்."

பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். விசயம் இதுதான். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் மகன் கொழும்பில் இருந்து உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து சேர்ந்தான். அவனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டவேண்டும் என்று, அதே ஒழுங்கையில் கடை வைத்திருந்த சின்னத்துரையரிடம் வீட்டை ஈடு வைத்து இருபதினாயிரம் ரூபா வாங்கினார்கள். மாதம் நானூறு வட்டி. மாணிக்கத்தார் மூன்று வருடமாக, சரியாக முதலாந் தேதி, காசைக் கொண்டுபோய்ச் சின்னத்துரையரின் கையில் கொடுத்து வந்தார். ஒரு மாதமும் ரசீதுத் துண்டு வாங்கவில்லை. இப்போது சின்னத்துரையர் வட்டி ஒரு சதமும் வரவில்லை என்கிறார். முதலும் மூன்று வருட வட்டியும் சேர்த்து முப்பத்துநாலாயிரத்து நானூறு. ஆவணி முடிவதற்குள் கட்டவேண்டும், இல்லாவிட்டால் வீட்டை அறுதியாக எழுதிக் கொடுக்கவேண்டும்.

அந்த வீட்டைத் தவிர அவர்களுக்கு வேறு ஒன்றும் கிடையாது. அது வசந்திக்கு என்று இருந்த வீடு.

அடுத்த நாளே சிக்கனத்தார் வந்துவிட்டார். நானும் கூடப் போனேன். பரமேஸ் அக்கா சோடாவும் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். சிக்கனத்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணை, மூண்டு வருசமாய் ஏன் துண்டு வாங்கேல்லை?"

மாணிக்கத்தார் முதன்முறையாக வாய் திறந்தார். "ஒரே ஒழுங்கை ஆக்கள். அவற்றை தேப்பன்தான் எனக்கு ஏடு துவக்கினவர். அவரிட்டைப் போய்த் துண்டு கேட்டால் நம்பேல்லை எண்டு ஆகாதோ? அது மரியாதையே?"

"மரியாதைக்கு எவ்வளவு செலவு எண்டு பாருங்கோ. பதினாலாயிரத்து நானூறு."

பிறகு எழும்பி நேரே அடுப்படிக்குப் போய்விட்டார். பானை, சட்டி, டின் எல்லாம் திறந்து பார்த்தார். கிணற்றடியில் கிடந்த தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளைத் தொட்டுப் பார்த்து, "இதுகளை ஒண்டாய் அமத்தினால் ஒரு கிழமைக்குக் காணும்" என்றார். மகன் ஜேர்மனியில் இருந்து வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட கசெற் ரெக்கோடர் ஒன்று கண்ணாடி அலுமாரியில் இருந்தது. பரமேஸ் அக்கா பெருமையோடு அதை வரவுப் பக்கத்தில் எழுதச் சொன்னார். "பற்றரி போடவேணும் தங்கச்சி, இது செலவு" என்று மறுபக்கத்தில் எழுதினார்.

வசந்தியிடம் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்து, வீட்டில் செலவாகும் ஒவ்வொரு சதத்தையும் எழுதச் சொன்னார். அடுத்த கிழமை வந்து பார்த்தபோது "அப்பாவின் வயிற்று மருந்து" என்று ஏழு நாளும் ஒரே தொகை இருந்தது.

"அண்ணை, ஒவ்வொரு நாளும் வயித்துக் குத்தோ?"

மாணிக்கத்தார் நிலத்தைப் பார்த்தார்.

"ஏழு நாளும் எண்டால் பகிடியில்லை. வாங்கோ, இப்பவே பெரியாசுப்பத்திரிக்குப் போவம். நான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன்."

பகிடிக்குச் சொல்லவில்லை. அவரைச் சைக்கிள் பாரில் இருத்தி ஒழுங்கை முடக்கு மட்டும் கொண்டுபோய்விட்டார். முடக்கில், கள்ளுத் தவறணைக்கு முன்னால், மாணிக்கத்தார் இறங்கி, தனக்கு வயிற்று வருத்தம் முற்றாகச் சுகமாகிவிட்டது என்று அறிவித்தார். அந்தச் செலவு கொப்பியில் பிறகு வரவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை "தேசிக்காய்" என்று எலுமிச்சம்பழத்தின் பெயரில் ஒரு சின்னச் செலவு வந்தது. அதைச் சிக்கனத்தார் பார்த்தும் பாராமல் விட்டார்.

அவருடைய கணக்குப்படி, கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் பத்து வருடத் தவணைக் கடன் எடுத்தால் முதலாகிய இருபதினாயிரத்தைச் சமாளிக்கலாம். கொட்டில் சம்பளமும் தையல் காசும் இறுக்கிப் பிடித்தால் காணும். ஆனால் முப்பத்துநாலாயிரத்து நானூறு என்றால் எந்த வங்கியும் கொடுக்காது. கொடுத்தாலும் இவர்களால் கட்ட முடியாது. எல்லாம் அந்த மூன்று வருட வட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. வட்டி கட்டியதற்கு ஒரு துண்டுக் கடதாசி சாட்சி இல்லை.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் எனக்கு வேறு தலையிடி.

"இஞ்சருங்கோ, உவர் ஆர், குடையோடை வாறவர்? வசந்திக்குக் கலியாணப் பேச்சுக்காலோ?" என்று என் மனைவி கேட்டாள்.

"எனக்குத் தெரியாது."

"உங்களோடைதானே கதைச்சுக்கொண்டு வாறார்?"

"மழையைப் பற்றிக் கதைச்சனாங்கள்."

"ஆடி மாசத்திலை என்ன மழை?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆகையால் பேச்சுக்கால்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அவள் முடிவு கட்டினால் ஒழுங்கை முழுவதும் முடிவு கட்டியது போல. மூன்று நாளில் மாப்பிள்ளை பொறியியலாளர் ஆகிவிட்டார். ஐந்தாம் நாள் லண்டனுக்கும் போய்விட்டார்.

இந்தச் செய்தி சின்னத்துரையரின் காதுக்கும் போனது. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். மாணிக்கத்தாரின் மகளுக்கே லண்டன் பொறியியலாளரைக் கொண்டுவரும் தரகர் தன் பிள்ளைக்கு யாரைக் கொண்டுவர மாட்டார் என்று யோசித்திருக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சிக்கனத்தார் மாணிக்கத்தார் வீட்டுப் படலையைத் திறந்து வெளியே வர, கடைப் பொடியன் ஓடிவந்து, முதலாளி கூப்பிடுகிறார் என்றான். சிக்கனத்தார் என்னையும் வரச் சொன்னார். வட்டி விசயமாக நேரே கதைத்துப் பார்க்க இதுதான் தருணம் என்று அவர் நினைத்தார்.

சின்னத்துரையர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். வெறுந்தேத்தண்ணி வந்தது. பனங்கட்டிகூட அரைத் துண்டுதான். சிக்கனத்தார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இந்த வீட்டில் கடன் இல்லை.

"நான் ஏஜிஏ கந்தோரிலை..." என்று தொடங்கினார்.

"தெரியும், தெரியும். அரசாங்க உத்தியோகத்தர் எண்டால் எனக்கு விருப்பம். லீவு நாளிலை இப்பிடி நாலு குடும்பத்துக்கு உதவி செய்யிறது நல்ல காரியம்."

"இல்லை, என்ரை வேலை என்னெண்டால்..."

"உங்கடை வேலையைப் பற்றி எனக்குச் சொல்லவேணுமோ? இந்தாருங்கோ, பிள்ளையின்ரை குறிப்பு." சாதகக் குறிப்பைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

"சின்னத்துரையண்ணை, நீங்கள் ஒருக்கால் நான் சொல்லுறதைக் கேக்கவேணும். நான்..."

"முதல் சீதனத்தைக் கேளுங்கோ. பேந்து மிச்சத்தைக் கதைப்பம்."

மூன்று தரம் சொல்ல வெளிக்கிட்டார். நான் எண்ணினேன். மூன்று தரமும் சின்னத்துரையர் விடவில்லை. பிறகு பெட்டகத்தைத் திறந்து நீளமான கணக்குக் கொப்பி ஒன்றை எடுத்துவந்து மேசையில் விரித்தார். பொறியியலாளருக்குக் குறையாத மாப்பிள்ளை வேண்டுமென்றால் தன்னுடைய வருமானம் எவ்வளவென்று காட்டவேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடை, தென்னங்காணி, வயல். கடைசியில் ஈடுகள்.

"இது மாணிக்கத்தாற்றை. இருபதினாயிரம் குடுத்தனான். பாருங்கோ, மாசா மாசம் நானூறு. முப்பத்தாறு மாசமும் வரிசையாய் வந்திருக்கு. ஒரு நாள் பிந்தேல்லை. மனுசன் சொக்கத் தங்கம். ஆவணியோடை அந்த வீடும் என்ரை பிள்ளைக்குத்தான்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். சிக்கனத்தாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேனையை எடுத்தார்.

"உதுகளை வடிவாய் ஒரு கடதாசியிலை எழுதட்டோ?"

"எழுதுங்கோ! மாப்பிள்ளை பகுதி நம்பவேணும்."

"முப்பத்தாறு மாச வட்டியும் கிடைச்சதெண்டு எழுதட்டோ?"

"அதைத்தான் முதல் எழுதவேணும்."

கோப்புக்குள் இருந்து உட்புறம் திருப்பிய கடித உறை ஒன்றை எடுத்து, அதில் அச்சுப் போன்ற எழுத்தில் எல்லாவற்றையும் எழுதினார். "ஒப்பம் வைச்சுத் தந்தால் நல்லது" என்றார். சின்னத்துரையர் ஒப்பம் வைத்ததோடு நிற்கவில்லை. அப்படியென்றால் முறையாக இருக்கட்டும் என்று உள்ளே போய் முத்திரை ஒன்றும் கொண்டுவந்து ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு தரம் ஒப்பம் வைத்தார். நான் சாட்சி.

வெளியே வந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். எனக்குச் சந்தோசத்தில் ஒரே புழுகம். "பிடிச்சிட்டியள் ஐயா!" என்றேன்.

அவர் சந்தோசமாக இருக்கவில்லை. "அந்தாளை ஏமாத்தினமாதிரிக் கிடக்குது தம்பி."

"அவர் மாணிக்கத்தாரை ஏமாத்தேல்லையோ?"

"அது அவற்றை கணக்கு. இது என்ரை கணக்கு." சேட்டுப் பையில் இருந்த சாதகக் குறிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, அறுதி எழுதுவதற்கு ஆயத்தமாகச் சின்னத்துரையர் மாணிக்கத்தார் வீட்டுக்கு வந்தார். விறாந்தையில் சிக்கனத்தாரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "நீங்களும் இருக்கிறியள், நல்லதாய்ப் போச்சு." மாணிக்கத்தார் தூணோடு சாய்ந்து நின்றார். பரமேஸ் அக்கா கதவுக்குப் பின்னால். நான் கதிரை நுனியில்.

சிக்கனத்தார் எழும்பி நின்று, தன்னுடைய பெயர், பதவி, கந்தோர் எல்லாவற்றையும் இந்த முறை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு கடதாசியை எடுத்து மெதுவாக வாசித்தார். முப்பத்தாறு மாத வட்டி என்ற இடம் வந்தபோது சின்னத்துரையர் எட்டித் தன் ஒப்பத்தைப் பார்த்தார்.

"நீர் தரகர் எல்லோ?"

"இல்லை அண்ணை. மூண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டனான். நீங்கள் விடேல்லை. இந்தத் தம்பி சாட்சி."

"உதைக் கொண்டுபோய்க் கோட்டிலை குடுக்கப் போறீரோ?"

"ஏன் கோட்டுக்குப் போவான்? வட்டி முழுக்க வந்திட்டுது எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். மிச்சம் முதல் இருபதினாயிரம்தான். அதை அடுத்த கிழமை சங்கத்து பாங்க் குடுக்கும். நீங்கள் உறுதியைத் தாருங்கோ. ஒழுங்கையிலை ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியத் தேவையில்லை."

சின்னத்துரையர் வெளியே ஒழுங்கையைப் பார்த்தார். ஒழுங்கைக்குத் தெரிந்தால் மகளுக்கு வரும் சம்பந்தம் என்னவாகும் என்று அவர் கணக்குப் பார்த்திருப்பார். அவரும் கணக்கில் குறைந்தவர் அல்லர். கடைசியில் அவருக்கு வந்த கோபம் காசைப் பற்றியதாகவே இருக்கவில்லை.

"என்ரை பிள்ளையின்ரை குறிப்பைக் கையிலை வாங்கினனீர்!" என்று கத்தினார்.

"ஓம். வாங்கினது பிழைதான்" என்றார் சிக்கனத்தார். "அது இனி என்ரை பொறுப்பு. மாப்பிள்ளை பாத்துத் தாறன்."

எல்லோரும் அது சமாளிப்புக்குச் சொன்ன பேச்சு என்று நினைத்தோம். அவர் எட்டு மாதம் அலைந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீரிமலை மட்டும் போய்ச் சாதகம் பார்த்தார். கடைசியில் தன்னுடைய ஊரான அரியாலையிலேயே, தபால் கந்தோரில் வேலை செய்யும் ஒரு நல்ல பெடியனைக் கண்டுபிடித்தார். கலியாணச் செலவுக்கும் அவரே திட்டம் போட்டுக் கொடுத்தார். பந்தல் அரைவாசி, மேளம் ஒரு கூட்டம், பலகாரம் ஆளுக்கு இரண்டு. கொக்குவிலில் அவ்வளவு குறைந்த செலவில் அப்படி ஒரு கலியாணம் நடந்ததில்லை என்று சின்னத்துரையர் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வசந்தியின் லண்டன் பொறியியலாளருக்கு என்ன நடந்தது என்று என் மனைவி மட்டும் கனகாலம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளே கொண்டுவந்த மாப்பிள்ளை, அவளேதான் கடைசியில் சாதகம் பொருந்தவில்லையாம் என்று ஒழுங்கைக்குச் சொல்லிச் சம்பந்தத்தைக் குழப்பியும் விட்டாள். வசந்தி அதற்கெல்லாம் சிரித்தாள். அவளுக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். சிக்கனத்தாருக்கு அதில் பங்கில்லை.

உறுதி சின்னத்துரையரின் பெட்டகத்தில் இருந்து கிராமிய வங்கியின் பெட்டகத்துக்குப் போனது. பத்து வருடத் தவணை. மாதம் தவறாமல் கட்டினால் உறுதி வீட்டுக்கு வரும். ஒவ்வொரு மாதமும் சிக்கனத்தார் வந்து துண்டைப் பார்த்தார். ஒரு நாள் பிந்தினாலும் விடமாட்டார். இந்திய இராணுவம் வந்திருந்த காலத்தில் ஒரு தவணை மூன்று நாள் பிந்திவிட்டது.

"என்ன காரணம்?"

"ஐயா, சந்தியிலை ஆமியின்ரை யுத்த ராங்கி நிண்டது. ஊரடங்கு" என்றார் பரமேஸ் அக்கா.

"சரி. அதை ஒரு கடிதமாய் எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தார். சிக்கனத்தார் அதைக் கோப்பில் போட்டார். தொண்ணூறுக்குப் பிறகு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை, கொட்டிலில் வேலை பாதி நாள். மாணிக்கத்தார் கடைசித் தேசிக்காயையும் விட்டார். தவணை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. எப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தக் கொப்பிகளில் எழுதியிருக்கும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி கடைசியில், இராணுவம் முன்னேறி வர, எங்கள் கொக்குவில் உட்பட வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்லவந்தது அதற்கு ஒரு கிழமைக்குப் பிறகு நடந்தது. கொடிகாமப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஒரு வகுப்பறையில் ஏழு குடும்பம். எங்களுக்குப் பக்கத்தில் மாணிக்கத்தாரும் பரமேஸ் அக்காவும். வரும் வழியெல்லாம் எல்லோரும் அழுதோம். பரமேஸ் அக்கா மட்டும் அழவில்லை, கதைக்கவும் இல்லை. அவர் கதைக்காமல் இருந்ததுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை பதினொரு மணியளவில் சிக்கனத்தார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். அரியாலையில் இருந்து அவரும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்தான். கழுத்தில் ஊத்தை பிடித்த அதே வெள்ளைச் சேட்டு. சைக்கிளில் ஒரு உரப்பை கட்டியிருந்தது. அதற்குள் உடுப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் குடும்பங்களின் கோப்புகள். ஒவ்வொரு பள்ளிக்கூடமாகப் போய்த் தன்னுடைய குடும்பங்களைத் தேடிக்கொண்டிருந்தார். இருட்டுவதற்குள் இன்னும் நாலு இடம் போகவேண்டும் என்றார்.

பரமேஸ் அக்கா எழும்பி வந்து, சீலைத் தலைப்பை அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை நீட்டினார்.

"ஐயா, இந்த மாசத் தவணை. பாங்க் எங்கை வைச்சிருக்கினம் எண்டு தெரியேல்லை. பிந்திப் போச்சு."

சிக்கனத்தார் காசைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு வருசம்தானே ஐயா மிச்சம். இப்ப கட்டாட்டில் வீடு போயிடுமோ?"

வகுப்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வீட்டில் அப்போது ஆள் இல்லை. கூரை இருக்கிறதா என்றுகூட எவருக்கும் தெரியாது. சிக்கனத்தார் உரப்பையில் இருந்து அவர்களுடைய கோப்பை எடுத்தார். பிறகு எங்கள் கந்தோரில் கதிரையில் இருந்து சொல்வது போன்ற அதே குரலில் சொன்னார்.

"வீடு எங்கையும் போகாது தங்கச்சி. அது உங்கடை வீடு. ஒன்பது வருசக் கணக்கு என்னட்டை இருக்கு. நீங்கள் திரும்பிப் போறவரைக்கும் தவணை நிக்கும். அரசாங்கம் கேட்டால் நான் பதில் சொல்லுறன். இந்தக் காசுக்கு அரிசி வாங்கிச் சமையுங்கோ."

பரமேஸ் அக்கா காசைத் திரும்பவும் தலைப்பில் முடிந்தார். முடிந்துகொண்டிருக்கும்போதே அழத் தொடங்கினார். ஒரு கிழமையாக உள்ளே இருந்த அழுகை, இலேசில் நிற்கவில்லை. சிக்கனத்தாருக்கு இன்னும் நாலு பள்ளிக்கூடம் இருந்தது. அவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, பரமேஸ் அக்கா அழுது முடியுமட்டும் பக்கத்தில் நின்றார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.